ரேடியேட்டரில் ஒரு கப் மஞ்சள் பொடி

எழுபதுகளின் கடைசியில் தலைநகரில் புசா ரோட்டுப் பக்கம் ஒரு கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். நான், என் மனைவி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. நாலாவது ஆளாக ஒரு கார். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய வண்டி. வந்த மூன்றாம் மாதமே தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது சனியன்.

காலையில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரை வாய் வரை நிரப்புவேன். சாயங்காலம் இன்ஜின் ஆறின பிறகு மூடியைக் கழற்றினால் ஒரு செம்புத் தண்ணீர் குறைந்திருக்கும். எங்கே போகிறது? கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று பனியனோடு காருக்கடியில் படுத்துக் கிடந்தேன். ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தேன். கிளிப்புகளை முறுக்கினேன். மூடியின் வாஷரை மாற்றினேன். எண்ணெய் அளக்கிற கம்பியை உருவி, ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. கடைசியில் பழைய பேப்பர்களை அடியில் விரித்து வைத்தேன். விடிந்து பார்த்தால், ரேடியேட்டருக்கு நேர்கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரி, மெக்கானிக்கிட்ட குடுத்துருங்க" என்றாள். பேசாமல் கொடுத்திருக்கலாம்.

ஆபீஸ் ஜீப் டிரைவரிடம் சொன்னேன். "ரேடியேட்டர்ல ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி போடுங்க சாப், ஓட்டை அடைச்சுக்கும். ஆனா ஒரு வாரம்தான் தாங்கும். அதுக்குள்ள ரேடியேட்டரைக் கழட்டி ஈயம் வச்சுடுங்க" என்று ஹிந்தியில் சொன்னார். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது என்று பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். இரண்டு பாதியும் விழுந்தது. எங்கள் செக்‌ஷனில் காரில் வருகிறவன் நான் ஒருவன்தான். மூன்று நாள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் இறங்க மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு சிட்டிகைக்கே அடைக்கும் என்றால், ஒரு கப் போட்டால் ஜென்மத்துக்கும் அடைக்காதா? மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து அடுக்களையில் இருந்த மஞ்சள் பொடியை ஒரு கப் எடுத்துக் கொட்டினேன். மறுநாள் காருக்கடியில் பேப்பர் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. நான் விசில் அடித்துக்கொண்டே ஆபீஸ் போனேன். வீட்டில்தான் இரண்டு நாள் குழம்பு வெளுத்துப் போய் இருந்தது.

அந்த வாரமே, மே மாத வெயிலில், குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ராத்திரி முழுக்கப் போனது. எங்கள் மாடியில் ஒரு தமிழ் நர்ஸம்மா இருந்தார். விடிகாலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது வந்து பார்த்தார். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே படியவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார், முகம் மாறி. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்து எங்கள் பிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தார்.

"ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இருங்க, நிறுத்தவே கூடாது. மத்தியானத்துக்குள்ள உச்சா போகலன்னா ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க, நேரா எங்க வார்டுக்குத் தூக்கிட்டு வந்துருங்க."

பன்னிரண்டு மணிக்கு மனைவி இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சே கிடக்குங்க. கண்ணு வேற உள்ள போயிருச்சு. டாக்ஸி கூப்பிடுங்க."

"வாசல்ல காரை வச்சுக்கிட்டு டாக்ஸியா?"

சொன்னேனே பாருங்கள். இந்த வாய் வெந்து போயிருக்கலாம்.

ஆஸ்பத்திரி தெற்கே இருந்தது. ரிட்ஜ் காட்டு ரோடு வழியாகப் போனால் சீக்கிரம். காட்டுக்குள் நுழையும்போதே சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இருக்காது, வெயிலுக்கு அப்படித்தான் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் பார்த்தபோது தண்ணீர் நிறைய இருந்ததே, சொட்டவும் இல்லையே! நான் கொட்டின மஞ்சள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையெல்லாம் சேர்த்து அடைத்துவிட்டது, தண்ணீர் ஓட வழியில்லாமல் கொதிக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. முள் சிவப்பைத் தொட்டது. திரும்பிவிடலாமா? பாதி தூரம் வந்தாயிற்று. மனைவிக்குத் தெரியாமல் இருக்க ஸ்டியரிங்கில் கையை நகர்த்தி அதை மறைத்துக்கொண்டேன்.

பின் சீட்டில் அவள் குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் கொஞ்சலாக. அப்புறம் அதட்டலாக. பதில் முனகல் நின்றுவிட்டது.

முன்னால் டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க ஆவி. ஓரமாக நிறுத்தினேன்.

இரண்டு பக்கமும் முள்ளுக்காடு. ஒரு வீடு இல்லை, ஒரு குழாய் இல்லை. அனல் காற்று முகத்தில் அறைந்தது. பானெட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் மூடியைத் துண்டால் பிடித்துத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அத்தனையும் போய்விட்டது. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். என் புத்தியில் வேறொன்றும் ஓடவில்லை. பின்கதவைத் திறந்து பிளாஸ்க்கைப் பிடுங்கினேன்.

"என்னங்க பண்றீங்க? அது புள்ளைக்கு!"

"பாதிதான்டி. இத ஊத்தினா பத்து நிமிஷத்துல போயிரலாம்."

"வேண்டாங்க. ஐயோ, வேண்டாங்க!"

ஊற்றினேன். உஸ்ஸென்றது. அடுத்த நொடி என் செருப்பு நனைந்தது. குனிந்து பார்த்தேன். கீழ்க்குழாய் நீளவாக்கில் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் குழந்தை குடிக்க வேண்டிய தண்ணீர் மஞ்சளாக ஒழுகித் தாரில் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. வாரக்கணக்கில் காருக்கடியில் படுத்துக் கசிவு தேடின பெரிய மனுஷன், ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

மனைவி என் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அவள் நகரவில்லை. பிரேக் அலறி, அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் கத்த ஆரம்பித்தவர், தோளில் தொங்கின தலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். "ஜல்தி, பெஹன்ஜி, ஜல்தி" என்று கண்டக்டர் அவசரப்படுத்திக் கை கொடுத்து ஏற்றினார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். கார் சாவி அப்படியே தொங்குகிறது, கதவெல்லாம் திறந்து கிடக்கிறது என்று ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன். சாவியை உருவி, கண்ணாடிகளை ஏற்றி, நாலு கதவையும் அடித்துப் பூட்டினேன். நிமிர்ந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. நானும் ஏற வேண்டியவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஜன்னலில் என்னையே பார்த்துக்கொண்டு அவள் முகம் தெரிந்தது. கத்திக்கொண்டே ஓடிப் பார்த்தேன். வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தேன். ஓடினேன். எதிரே வந்த வண்டியெல்லாம் என்னிடம் கெட்ட சேதி சொல்லத்தான் வருகிறது என்று பயந்தேன். பிளாஸ்க்கில் மிச்சம் எத்தனை ஸ்பூன் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் போட்டு அழுதேன். யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். அவர் கேட்டதற்கெல்லாம் என்ன பதில் சொன்னேனோ தெரியாது. ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்றுவிட்டேன். மேலே போனால் தெரிந்துவிடுமே.

வார்டில் குழந்தையின் காலில் ஊசி குத்தி டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்ல. இப்ப பயமில்ல, தூங்குறா" என்றார் நர்ஸம்மா.

கட்டிலோரம் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலியான பிளாஸ்க் மடியில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள், திட்டட்டும், அறைந்தால்கூடப் பரவாயில்லை என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் குரலில் கோபமே இல்லை. களைப்புதான் இருந்தது.

"வண்டியப் பூட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.