"போட்டு வாறம்" என்றவர்களைக் கூப்பிட்ட கஜானி

யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லாமல் எழும்பி நடப்போம். மற்ற எந்த வாசலைத் தாண்டும்போதும் "போட்டு வாறம்", அதாவது போய்விட்டு வருகிறோம், என்று ஒரு சொல் சொல்லியாக வேண்டும். திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறதா என்பது வேறு கதை. "போறம்" என்றால் அபசகுனம். இந்த ஒரு சொல்லால் கஜானியின் வேலை போகப் பார்த்தது.

கஜானி அரியாலைக்காரி. உயர்தரம் முடித்த கையோடு நகரத்துப் புடைவைக்கடை ஒன்றில் சேலை விரிக்கப் போனவள். அங்கிருந்து கண்டி வீதியில் உள்ள எங்கள் கார் ஷோரூமுக்கு வந்தபோது அவளுக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓடத் தெரியும். நேர்முகத்தில், காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"கதவு நாலு. மிச்சத்தைப் படிச்சுப்போடுவன்."

படித்தாள். கார் ஓடவும் பழகினாள். தாய் குணலட்சுமியின் மருந்தும் தங்கையின் படிப்பும் அவளுடைய சம்பளத்தில்தான் நடக்கின்றன.

நான் அங்கே கணக்காளன். தெல்லிப்பழையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டின வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதை நான் மறந்தாலும் கஜானி மறக்க விடமாட்டாள்.

"பட்டதாரி ஐயா, பிரிண்டருக்கு மை முடிஞ்சுதாம்" என்பாள்.

பல வருசத் தடைக்குப் பிறகு வாகன இறக்குமதி திறந்த புதிதில் ஷோரூமில் திருவிழாக் கூட்டம். பிறகு மத்திய வங்கி லீசிங்கை இறுக்கியது. காரின் விலையில் கடனாகக் கொடுக்கிற பங்கு குறைந்தது. கையிலிருந்து போடவேண்டிய முன்பணம் ஏறியது. சனம் வருவது நிற்கவில்லை. குடும்பமாக வந்து, புது சீற்றில் இருந்து பார்த்து, ஸ்ரியரிங்கைத் தடவி, படமும் எடுத்துக்கொண்டு, கடைசியில் முன்பணத்தைக் கேட்பார்கள். கேட்டதும் எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு.

"சரி பிள்ளை, போட்டு வாறம்."

கிழமைக்கு ஒருமுறை கொழும்புத் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை போகவேண்டும். கஜானி சொல்லுவாள், நான் அடிப்பேன்.

"வந்தவை என்ன சொன்னவை?"

"வாறம் எண்டு சொன்னவை."

"எல்லாருமோ?"

"ஓம், ஒருத்தரும் விடுபடேல்லை."

என் ஆங்கிலத்தில் பிழை இல்லை. அவர்கள் சொன்னது அதுதான். ஆனால் கொழும்பில் அதைப் படித்தவர்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். மற்றக் கிளைகளில் காரைச் சீந்த ஆளில்லாத நேரத்தில், யாழ்ப்பாணத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி வரப்போகிறார்கள்! அங்கே நின்ற கார்களையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவை எங்கள் முற்றத்தில் நின்று புழுதி குடித்தன.

விற்பனை மனேஜர் றஞ்சித் கொழும்புத் தமிழர். ஒருநாள் நேரில் வந்து இறங்கினார்.

"கஜானி, வாறோம்னு சொன்னவங்க எல்லாம் எங்க?"

"சேர், அது ஒரு மரியாதைக்குச் சொல்லுறது."

"மரியாதைய எதுக்கு ரிப்போர்ட்ல போட்டீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு காராவது போகணும். இல்லன்னா இங்க பூட்டிட்டு எல்லாத்தையும் வவுனியாவுக்கு ஏத்திருவோம். உங்களுக்கு அங்க வேலை இல்ல, முன்னுக்கே சொல்லிர்றேன்."

அவர் போனதும் கஜானி, வந்தவர்களின் பெயர் எழுதின கொப்பியை விரித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"வாறம் எண்டவையைக் கூப்பிடப் போறன்."

"சும்மா சொன்னதுக்கு என்னெண்டு கூப்பிடுறது?" என்றேன்.

"சும்மா சொன்னனாங்கள் எண்டு எவையாலும் சொல்லேலுமோ? பாப்பம்."

அதுதான் அவளுடைய கெட்டித்தனம். முதல் அழைப்பு குருநகர் வசந்தினி ரீச்சருக்கு. கணவர் செபநாயகம் கடற்றொழில். மாமனார் செபமாலையருக்கு முதுகு முறிவு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போய்வருவதற்குள் ஆள் பாதியாகிவிடுவார். அதற்காகவே ரீச்சர் முன்பணம் சேர்த்து வைத்திருந்தவர். பழைய கணக்குக்கு அது போதும். லீசிங்கை இறுக்கியபின் போதவில்லை.

"ரீச்சர், போட்டு வாறம் எண்டு சொன்னனீங்கள். இன்னும் காணேல்லை?"

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"அடி பிள்ளை, அதை நீர் பிடிச்சு வைச்சிருக்கிறீரோ? சரி, வாறம்."

வந்தார்கள். வந்த வாகனத்தைக் கண்டதும் காவலாளி மூக்கைப் பொத்தினார். பழைய வான். வருசக்கணக்காக மீன் ஏற்றிய வான்; நோயாளியை அதில் ஏற்ற ஏலாது.

"அண்ணை, உந்த வானை வித்தால் என்ன?" கஜானி செபநாயகத்திடம் கேட்டாள்.

"தரகர் வந்தவன் தங்கச்சி. கதவைத் திறந்தான், கீழ விலையைச் சொல்லிப்போட்டு ஓடிட்டான். சவர்க்காரம் போட்டும் பாத்தாச்சு, கோப்பித்தூள் போட்டும் பாத்தாச்சு. இப்ப கோப்பி குடிச்ச மீன் மாதிரி மணக்குது."

கஜானி சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னொரு "போட்டு வாறன்" நினைவுக்கு வந்துவிட்டது. வல்வெட்டித்துறை றஜிந்தன், மீன் வியாபாரி. புது வான் பார்க்க வந்து, முன்பணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பியவன். புதுசுக்குப் போதாத அவனுடைய காசு பழசுக்குப் போதும்.

"தம்பி றஜிந்தன், வாறன் எண்டு சொன்னனீர்..."

அன்று பின்னேரமே வந்தான். எஞ்சினைக் கேட்டான், சில்லை உதைத்தான், பின்கதவைத் திறந்து ஆழமாக மூச்சை இழுத்தான்.

"சூடை மீன்," என்றான். "நல்ல சூடை."

"மணம் போகாது தம்பி, முன்னுக்கே சொல்லிப்போட்டன்," என்றார் செபநாயகம்.

"போய் என்ன செய்யிறது? நாளைக்கு விடிய நான் திரும்ப ஏத்தத்தானே போறன்!"

தரகர் சொன்னதைவிட நல்ல விலைக்கு வான் போயிற்று. ரீச்சரின் முன்பணத்தில் இருந்த இடைவெளி அதனால் நிரம்பியது. லீசிங் சரிவந்தது. மாசம் முடிவதற்குள் முற்றத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் வெளிக்கிடத் தயாராக நின்றது.

றஞ்சித்துக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். இன்னும் நாலைந்து பேருடைய பழைய வாகனங்களுக்குக் கஜானி ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப பூட்ட வேணாம்," என்றார் அவர். "ஆனா ரிப்போர்ட்ல இனி மரியாதை போடாதீங்க."

கார் வெளிக்கிடுகிற அன்று கஜானி வழக்கம்போல, கண்ணூறு கழிக்க நான்கு தேசிக்காயோடு வந்தாள். கண்ணாடியில் ஏற்கெனவே செபமாலை தொங்கியது. காயைச் சில்லுக்குக் கீழே வைப்பதா விடுவதா என்று ஒரு கணம் தயங்கினாள்.

"வை பிள்ளை, வை," என்றார் பின்சீற்றில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த செபமாலையர். "பாதர் தண்ணி தெளிப்பார், நீ தேசிக்காய் நசி. என்ரை முதுகுக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

காய்கள் நசுங்கின. கார் வாசலைத் தாண்டும்போது வசந்தினி ரீச்சர் கண்ணாடியை இறக்கினார்.

"போட்டு வாறம், பிள்ளை."

"ஓம் ரீச்சர், வரத்தான் வேணும்," என்றாள் கஜானி. "ஆயிரம் கிலோமீற்றரில முதல் சேவிஸ். வரேல்லையெண்டால் கூப்பிடுவன்."