மூன்றாவது வரி

‘டாக்டர்’ என்ற பேரைப் பெரியம்மா முதன்முதலில் கேட்டது தொழிற்பள்ளி வாசலில். “டாக்டர், உங்க வீட்லேர்ந்து ஆள் வந்திருக்கு!” என்று ஒரு மாணவன் பட்டறையைப் பார்த்துக் கத்தினான். கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தவள் தங்கை மகள். பதினைந்து வயது. பழைய ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாளாம். அதனால் வந்த பேர்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய்க் காதை வைப்பாள். “மூச்சு வாங்குது பெரியம்மா. சுவத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைங்க.”

“முதல்ல உன் தட்டைப் பாருடி. அது எங்கயும் ஓடிப்போகாது.”

அந்தப் பள்ளியில் முதல் வருஷம் ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு மாதம் சுற்ற வேண்டும். பிறகு ஒரு தாள் தருவார்கள். மூன்று வரி, மூன்று விருப்பம். இவள் மூன்றிலும் ஃபிரிட்ஜ் வேலை என்றே எழுதிவைத்திருந்தாள். தங்கை வெளியூரில் வேலையாக இருந்ததால் கையெழுத்துப் போட வந்தவள் பெரியம்மா.

“ஒண்ணையே மூணு தடவ எழுதக் கூடாதும்மா” என்று எழுத்தர் புதுத் தாளை நீட்டினார்.

பெரியம்மா பட்டறையை எட்டிப் பார்த்தாள். எண்ணெய், இரும்பு, பெண் என்று இவள் ஒருத்தி. எதிரே கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் அறை.

“முதல்ல கம்ப்யூட்டர், ரெண்டாவது தையல்னு போடுங்க. உக்காந்து பாக்குற வேலை. மேல அழுக்குப் படாது.”

அவள் கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு பெரியம்மாவின் பின்னால் நடந்தாள். தெரு திரும்பும்போது கேட்டாள்: “ஃபிரிட்ஜ் மூணாவதா இருக்குல்ல பெரியம்மா?”

“இருக்குடி. அதென்ன கல்வெட்டா? பிடிக்கலேன்னா மாத்திக்கலாம்.”

மாற்ற முடியாது என்று அந்தத் தாளின் அடியிலேயே அச்சடித்திருந்தது. பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கையெழுத்துப் போட்டதோடு சரி.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் முழங்கால் வலியோடு பெரியம்மா ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கொடுப்பவள் தங்கை மகள்தான். அங்கே அவளை யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் நின்றுபோய், மெக்கானிக் வந்திருந்தான்.

“ரிலே போயிருக்கும்ண்ணா” என்றாள், தலையைத் திருப்பாமலே. “டிக்குன்னு சத்தம் வருது, மோட்டார் எழும்பல பாருங்க.”

“நீங்க டோக்கனப் பாருங்கம்மா. இதையும் நீங்களே பாத்துட்டா நான் வீட்டுக்குப் போயிடவா?”

ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, கடைசியில் அவன் மாற்றியது ரிலேயைத்தான். ஃபிரிட்ஜ் மெல்ல உறும ஆரம்பித்தது. அவள் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“அடுத்தது யாரு, வாங்க” என்றாள் அவள்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். டோக்கன் கவுன்ட்டரில், ஃபிரிட்ஜுக்கு முதுகு காட்டிப் போட்ட நாற்காலியில்.