சமாதானத்துக்கு ஒரு ரீடேக்

போன வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. பேப்பரை எடுக்கிறேன், கீழே வைக்கிறேன். டி.வி.யைப் போடுகிறேன், அணைக்கிறேன். காரணம்... அந்த டி.வி.யேதான்.

தயாளனை உங்களுக்குத் தெரிந்திருக்காது; எனக்குப் பழைய பழக்கம். அவர் தயாரித்த படங்களையும் தெரிந்திருக்காது. மொத்தம் மூன்று. இரண்டு, வந்த வேகத்தில் போய்விட்டன. மூன்றாவது இன்னும் பெட்டிக்குள் தூங்குகிறது. தி.நகர் ஆபீஸை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கேபிள் டி.வி. வந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சினிமா போதும் சார். இனிமே ரியல் லைஃப்தான். நடிப்பே கிடையாது! சண்டை போட்டுப் பிரிஞ்ச சொந்தக்காரங்களை நேருக்கு நேர் உட்கார வைக்கிறோம். சேர்த்து வைக்கிறோம். நிஜ ஜனங்க, நிஜக் கண்ணீர்!"

முதல் எபிசோடு சேனலுக்குப் பிடித்தால் வாராவாரம் வரும். பிடிக்காவிட்டால் அந்த நேரம் வேறு யாருக்கோ போய்விடும், தயாளன் கதையும் முடிந்தது. அவரே சொன்னதுதான்.

அந்த முதல் எபிசோடுக்கு யார் கிடைத்தார்கள் தெரியுமா? அபிராமபுரத்தில் எங்கள் மேல் போர்ஷனில் இருக்கும் வசந்தா மாமி! எங்கேயோ விளம்பரம் பார்த்து, அவராகவே போன் செய்திருக்கிறார்.

பெசன்ட் நகரில் இருக்கும் அக்கா கமலாவோடு மாமிக்கு எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஏன்? அக்கா தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவளுக்கு... தபாலில்! நேரில் வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிடவில்லை. மாமி கல்யாணத்துக்குப் போகவில்லை. பிற்பாடு மாமியின் கணவர் தவறிப்போனபோது அக்காவும் வரவில்லை.

"ரெண்டு பேருக்கும் வயசாயிண்டு வரது. யாராவது நடுவுல பூந்து இழுத்து விட்டாத்தான் உண்டு. நீங்களும் கூட வாங்கோ, எனக்குப் படபடன்னு வரது" என்றார் மாமி. போனேன்.

போன வெள்ளிக்கிழமை, அடையாறில் ஒரு ஷூட்டிங் பங்களா. அக்காவும் தங்கையும் பத்தரைக்கே வந்தாயிற்று — தனித்தனிக் காரில். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளக் கூடாதாம். அக்கா முன்னறையில், தங்கை பின்னறையில். லைட் ரெடி. கேமரா ரெடி. ஆரம்பிக்க வேண்டியதுதானே?

"ராகு காலம் சார்" என்றார் தயாளன். "பன்னெண்டுக்குத்தான் ஃபர்ஸ்ட் ஷாட். கடைசிப் படத்துக்கு நேரம் பார்க்காம பூஜை போட்டேன். பட்டது போதும்."

நிஜ வாழ்க்கைக்குமா நல்ல நேரம்? வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று மேக்கப்மேனை அனுப்பினார். சினிமா மேக்கப்மேன். தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கன்னத்தில் ரோஸ், கண்ணில் மை, உதட்டில் நல்ல சிவப்பு. வசந்தா மாமி கண்ணாடியைப் பார்த்து அலறி, முகம் கழுவ ஓடினார். டவலை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

பாத்ரூம் கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தது... அக்கா. சோப்புப் போட்டும் போகாத அதே ரோஸ், அதே சிவப்பு!

இருவரும் அப்படியே நின்றார்கள்.

"என்னடி வசந்தா இது... கோலம்?"

"நீ மட்டும் என்னவாம்? நாடகத்துல ராணி வேஷம் கட்டினாப்பல இருக்கே!"

அவ்வளவுதான். அக்கா சிரித்தார். தங்கை சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமலோடு அழுகை வந்து, கண்மை கன்னத்தில் வழிந்து... ஒருவர் முகத்தை ஒருவர் அந்த டவலால் துடைத்துவிட்டார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கென்ன?

இதைப் பார்த்த லைட்மேன் ஹாலுக்கு ஓடினார். "இன்னா சார், இன்னும் டைம் பாத்துக்கினு கீறீங்க? அம்மாங்க ரெண்டு பேரும் அங்க ராசியாயிட்டாங்கோ!"

தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெடுத்தீங்களேம்மா! கேமரா ஓடலியே!"

பன்னிரண்டு மணி. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். "நடந்ததை மறந்துடுங்க. இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கறீங்க. கோவமாப் பாருங்க." பார்த்தார்கள். சிரித்துவிட்டார்கள். "கட்! ஒன் மோர்!" மறுபடியும் சிரிப்பு.

தயாளனுக்கு வியர்த்துவிட்டது. "அந்தப் பத்திரிகை தபால்ல வந்துச்சே... அதைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்றார்.

மாமி சிரித்தபடியேதான் ஆரம்பித்தார். "கூடப் பொறந்தவளுக்குத் தபால்ல அனுப்பினியே, நியாயமா அக்கா?"

அக்காவும் சிரித்தபடியே, "நேர்லயும்தான் வந்தேன். உன் ஆத்துக்காரர் வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிச்சார். அப்புறம்தான் தபால்ல போட்டேன்."

மாமியின் சிரிப்பு நின்றது. "அவர் மேல அபாண்டமாச் சொல்லாதே. பதில் சொல்ல அவர் இல்லே."

"நான் எதுக்குடி அபாண்டம் சொல்லணும்?"

"அவர் போனப்போ வந்தியா நீ? எட்டிப் பார்த்தியா?"

"கட் சொல்லுங்க சார்" என்றேன். பேசாதே என்று தயாளன் கையைக் காட்டினார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அக்கா மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு எழுந்து போனார். கேமரா அவர் பின்னால் வாசல்வரை போனது.

சேனலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். சமாதானமெல்லாம் எதற்கு, சண்டையே போதும் என்று சொல்லிவிட்டார்களாம். வாராவாரம் ஓகே! தயாளன் போனில் துள்ளினார். நிஜத்தைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள், நிஜம் தானாக வரும்போது கவனிப்பதில்லை. அப்புறம் சீண்டிச் சீண்டி ஒன்றை வரவழைத்து, அதை நிஜம் என்கிறார்கள். நாமும் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம் — நான் உட்பட.

முந்தாநாள் மாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"முதல்ல ரெண்டு தரம் சிரிச்சோமே... அதையும் காட்டுவாளோன்னோ? அதை அக்கா பார்த்தாப் போறும். மனசு இளகிடுவா."

தயாளனுக்குப் போன் போட்டேன்.

"அதுவா? அது என்.ஜி. சார்" என்றார். தேறாத டேக்குக்கு சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். "அந்த டேப்பை அழிச்சு, அது மேலயே அடுத்த எபிசோடு எடுத்தாச்சு."

மாடிப்படியில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டால், நான் பின்பக்கமாக வெளியே போய்விடுகிறேன்.