விக்டோரியா வீட்டு உகா

வேலியில் நின்ற உகாச் செடியில் யாரோ எண் போட்ட சீட்டைக் கட்டுவதைப் பார்த்ததும் விக்டோரியா பையைக்கூட இறக்காமல் வேலிக்குப் போனாள். கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக் கேண்டீனில் காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். எண் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மீஞ்சூர் பக்கம் குடியிருந்தபோது கதவில் சர்க்கார் ஆட்கள் சிவப்புச் சாயத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். ஆறு மாதத்தில் கதவும் இல்லை, சுவரும் இல்லை. இந்த உவர்மண்ணில் வீடு கட்டிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பட்டாதான் இன்னும் வரவில்லை.

சீட்டுக் கட்டியவள் உமைரா, பழவேற்காட்டுப் பெண், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். பாலைவனத்துப் புதரான இது இந்தக் கரையில் எங்கெங்கே நிற்கிறது என்று பதிகிறாளாம். ஒடித்த கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்திக்கொண்டே, தங்கள் வீட்டில் இதை மிஸ்வாக் என்பார்கள், பல் விளக்குவார்கள் என்றாள். விக்டோரியா நம்பவில்லை. செடி பார்க்க வந்தவள் எதற்குப் போனில் இடத்தைக் குறிக்கிறாள்?

அறிவியல் பெயர் சால்வடோரா பெர்சிகா என்றாள் உமைரா. முதல் பாதி ஒரு ஸ்பெயின் மருந்துக்காரர் பெயராம், பின்பாதி பாரசீகமாம்.

அங்கேதான் பிடித்தாள் விக்டோரியா. "அப்போ வெளியூர் செடின்னு எழுதிக்கினு போறியா? நாளைக்கு, செடியே இந்த ஊரு இல்ல, நீ யாருன்னு கேக்கறதுக்கா?"

"இல்லக்கா. பேர்தான் அந்த ஊரு. செடி இந்த மண்ணுதான்."

விக்டோரியா யோசித்தாள். "அதுவும் சரிதான். எம் பேரு விக்டோரியா. நான் இன்னா லண்டன்லேர்ந்தா வந்தேன்?"

சிரித்துக்கொண்டே உமைரா படிவத்தின் அடுத்த கட்டத்தைப் படித்தாள்: நட்டதா, தானாக முளைத்ததா. விக்டோரியாவின் முகம் மாறியது. தானாக முளைத்தது என்றால் நிலம் யாருக்கும் இல்லை என்றாகும். நட்டது என்றால் நட்ட கை ஒன்று இருக்கும்.

"நட்டது. வேலிக்குன்னு நாந்தான் நட்டேன்."

உமைரா இரண்டு கைக்கும் அடங்காத அடித்தண்டைப் பார்த்தாள். "அக்கா, இதுக்கு உங்களவிட வயசு ஜாஸ்தி."

பொய் எழுதினால் மொத்தப் பதிவையும் தள்ளிவிடுவார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தானாக முளைத்தது என்றே எழுதினாள். கிளை எடுத்த இடம் என்ற வரியில் 'வேலி ஓரம்' என்று போட்டாள்.

"யாரூட்டு வேலி?" என்றாள் விக்டோரியா.

உமைரா அதை அடித்துவிட்டு, 'விக்டோரியா வீட்டு வேலி' என்று எழுதினாள். கதவு எண்ணையும் போடச் சொல்லி, தேதியோடு கையெழுத்து வாங்கிப் படமெடுத்துக்கொண்டாள் விக்டோரியா. ஆதாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கரண்ட் பில் படத்துக்கு அடுத்து அது போனில் போய் உட்கார்ந்தது.

உமைராவின் வண்டி வளைவைத் தாண்டியதும் விக்டோரியா செடியண்டை போனாள். தெருப்பக்கம் எண் தெரியாதபடி சீட்டை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள்.