சங்கத்து வெப்சைட்டை வேகப்படுத்திய கதை

எங்கள் சங்கத்தின் வெப்சைட் திறப்பதற்குள் உயிர் போகிறது என்று முதலில் எரிச்சல்பட்டவள் நான்தான். பிறகு எல்லோரும் எரிச்சல்பட்டார்கள். அவர்களுக்கு வந்த எரிச்சல் வேறு மாதிரி.

டெல்லியில் லோதி ரோடு பக்கம் அரசு குடியிருப்புகளில் இருக்கும் தமிழர்கள் நடத்தும் சின்னச் சங்கம் அது. பொங்கல், நவராத்திரி, வருடத்துக்கு ஒரு பட்டிமன்றம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு கம்பெனியில் வெப்சைட் செய்துகொண்டிருந்தவள் என்று தெரிந்ததும் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். சம்பளம் கிடையாது, "நம்ம வீட்டுப் பொண்ணு" என்ற பட்டம் மட்டும் உண்டு. நானும் சரி என்றேன். பதிலுக்கு அதில் எனக்கென்று ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

ஊரில் வைத்தியம் முடியாமல் இங்குள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நம் ஆட்களுக்கான பக்கம் அது. எந்தக் கவுன்ட்டரில் நிற்க வேண்டும், எங்கே மலிவாகத் தங்கலாம், இந்தி தெரிந்த நம்மவர் யார் எந்தக் கிழமையில் துணைக்கு வருவார், அவர் போன் நம்பர் என்ன, எல்லாம் தமிழில் இருக்கும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் அந்த வளாகத்துக்குள் நோயாளியோடு நிற்பது எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேட்டேன்.

ஒரு நாள் துணைக்குப் போவது என் முறை. மருத்துவமனை வாசலில் ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தாள். தென்காசிப் பக்கம், மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. அவர் போனில் எங்கள் வெப்சைட்தான் இருந்தது. இருந்தது என்று எப்படிச் சொல்வது, திறந்துகொண்டே இருந்தது.

"காலைலேருந்து சுத்திக்கிட்டே கெடக்கும்மா. ஒரு நெத்தி மட்டுந்தான் வந்திருக்கு. நேத்து வேற வரிசைல போய் நின்னுட்டோம். டாக்டர் பாக்குற நாளு போயிட்டுன்னு சொல்லுதாவ போல, ஒண்ணும் புரியல."

அந்த நெற்றி எங்கள் தலைவருடையது. முகப்பில் நிர்வாகிகள் அத்தனை பேரின் படமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். தலைவரின் மாப்பிள்ளை பெரிய கேமராவில் எடுத்தது. சுவரொட்டி அடிக்கப் போதுமான அளவில் இருந்த அந்தப் படங்களை அப்படியே ஏற்றச் சொன்னார்கள். அவை இறங்கி முடிந்தால்தான் கீழே உள்ள எதுவும் தெரியும். கவுன்ட்டரில் இருந்தவனிடம் இந்தியில் "பையா, பையா" என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சி அந்த அம்மாவுக்கு வேறு தேதி வாங்கிக் கொடுத்தேன். பல வாரம் தள்ளித்தான் கிடைத்தது. அந்த மனிதர் என்னைக் கும்பிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து வேகத்துக்கான பிளகின்களைத் தேட உட்கார்ந்தேன். வெப்சைட்டில் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன மென்பொருள்கள்தான் பிளகின். முதலில் கேஷ் பிளகின். பக்கத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சமைக்காமல், சமைத்து வைத்ததை எடுத்துப் பரிமாறும். கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் படங்களின் கனம் அப்படியே இருந்தது. அடுத்து படங்களைச் சுருக்கும் பிளகின் போட்டேன். அப்பாடா, சட்டென்று திறந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்காடி இத்தனை குதி?" என்று சிரித்தார்.

மறுநாளே தலைவரின் போன் வந்தது.

"ஏம்மா, என் மூஞ்சியில மாவு பூசின மாதிரி இருக்கு! என்ன பண்ணித் தொலைச்சே?"

"பாக்கறவங்களுக்கு அப்படித் தெரியாது சார். நீங்க பெரிசு பண்ணிப் பாத்திருக்கீங்க."

"பின்னே, பாக்க வேண்டாமா? ஜல்தி பழையபடி மாத்து."

மாற்றினேன். பிறகு, படம் இருக்கும் இடம் வரை நகர்த்திப் பார்க்கும்போது மட்டும் அதை இறக்கும் பிளகினைப் போட்டு, நிர்வாகிகளை வரிசையாகக் கீழே இறக்கி, மருத்துவ உதவியை மேலே கொண்டுவந்தேன். இந்தத் தடவை பொருளாளர். "கீழே போய்த் தேடினாத்தான் நான் வர்றேன். அதுவும் துணைத் தலைவர் வந்த பின்னாடி வர்றேன். இது நியாயமா?" என்றார். தூ, என்ன ஜென்மங்களோ! ஒரு பொம்பளை வாசலில் சுருண்டு கிடக்கிறாள், இவருக்குத் தன் மூஞ்சி வரும் நேரம் கவலை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பழையபடி மாற்றிவிட்டு, "கமிட்டியில பேசிக்கலாம் சார்" என்றேன்.

கமிட்டி செயலாளர் வீட்டில் கூடியது. சமோசா வந்தது. நான் தென்காசிக்காரர் கதையைச் சொன்னேன். எல்லோரும் "அச்சச்சோ" என்றார்கள். அதை மட்டும் மனசாரச் சொன்னார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். பிறகு செயலாளர் ஒரு தாளை எடுத்தார். குர்கானில் ஒரு வெப்சைட் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் உறவுக்காரப் பையன் எங்கள் சைட்டைப் பரிசோதித்துக் கொடுத்ததாம்.

"உங்க பக்கத்துக்குத்தாம்மா ஆளே வரலை. எல்லாரும் முகப்போட திரும்பிப் போயிடறாங்க. யாருமே பாக்காத பக்கத்தை வெச்சிண்டு என்ன பண்றது?"

"முகப்பு திறந்தாத்தானே சார் உள்ளே வருவாங்க? அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்!"

"அரே, கோபப்படாதேம்மா. இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம நம்பரெல்லாம் பொதுவுல கிடக்கறது. கண்ட நேரத்துல கூப்பிடறான். போன வாரம் என் பொண்ணு நிச்சயதார்த்தத்துல ஒருத்தன் கூப்பிட்டு அழறான்."

அழுகிறவன் நேரம் பார்த்தா அழுவான் என்று கேட்டேன். செயலாளர் அடுத்த சமோசாவை எடுத்தார். அந்தப் பையனின் கம்பெனியிலேயே புதிதாக ஒரு சைட் செய்வது என்று முடிவானது. ஒரே பக்கம். நிர்வாகிகள் படம், விழாப் படம், நன்கொடை தர ஒரு பட்டன். மருத்துவப் பக்கம் "பின்னாடி பாத்துக்கலாம்". கை தூக்கச் சொன்னபோது என்னைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது.

பொய் சொல்லக் கூடாது. புது சைட் அருமையான வேகம். தொட்டதும் திறக்கிறது. தலைவரின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆண்டு விழாவில் அந்தப் பையனுக்குப் பொன்னாடை போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டவும் செய்தேன்.

விழா முடிந்து சில வாரங்கள் கழித்து தென்காசிக்காரர் போன் செய்தார். மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஊரில் தேறிக்கொண்டிருக்கிறாளாம். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க தெருக்காரர் ஒருத்தர் மவனைக் கூட்டிக்கிட்டு அங்க வந்தாரும்மா. உங்க நம்பரைக் குடுத்தா தொந்தரவா இருக்கும்னு, சங்கத்து வெப்சைட்டைத்தான் போட்டுக் குடுத்தேன். அதுல எல்லாம் இருக்கும்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

"பாத்தாரா?"

"பாத்தாராம். டக்குனு தொறந்துச்சாம். யாரோ பெரியவங்க படமா இருந்துச்சாம், வேற ஒண்ணும் இல்லியாம். ரெண்டு மூணு நாளு அலைஞ்சு பாத்துட்டு பையனோட திரும்பி வந்துட்டாரு. பையனுக்குத்தான் இப்ப ரொம்ப முடியல."

அவர் குரலில் குறையே இல்லை. என்னிடம் வழி கேட்கிறவர் போலத்தான் கேட்டார்.

"மறுபடியும் அனுப்பலாம்னு இருக்கோம்மா. அந்தப் படத்துல இருக்கவங்கள்ல யாரைப் புடிச்சா ஒதவி செய்வாவ?"

எல்லா முகமும் எனக்கு மனப்பாடம். அதில் சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை.