ஆட்டுக் கண் வாங்க வந்தவள்

அடையாறு மார்க்கெட்டில் எனக்கு ஆட்டுத்தலைக் கடை. தொண்ணூறுகளில் ஒரு பெண் விடிந்ததும் வந்து நிற்பாள். மயிலாப்பூர்க்காரி, வீட்டில் முட்டைகூட நுழையாது. அவளுக்குத் தலை வேண்டாம், கால் வேண்டாம். கண் மட்டும் வேண்டும், அதுவும் வெட்டின சூட்டோடு. ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு கிண்டியில் படிக்கிற இடத்துக்கு பஸ் ஏறுவாள்.

"இதுலதான் உங்கப்பாவுக்கு காப்பி ஊத்துவியா?"

"சும்மா இருங்கோ ஆயா. ஆத்துல தெரிஞ்சா அம்மா ஃப்ளாஸ்க்கோட என்னையும் வெளில தூக்கிப் போடுவா."

கண்ணுக்குள் பிரஷர் ஏறி, வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்கிற நோய் ஒன்று இருக்கிறதாம். கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டால் மாதக்கணக்கில் மருந்து கசிகிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தாள். நீ டாக்டரா என்றால் இன்ஜினியர் என்பாள். பிறகு இன்னா படிக்கிற என்றால் டாக்டர் பட்டம் என்பாள். அது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நானோ வாயாடி. அவள் பக்கத்தில் வந்து நின்றாலும், "எங்கடி போய்ட்ட, ஆளயே காணோம்?" என்பேன். அவள் சிரிப்பாள், கடையே சிரிக்கும். நான் எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகியவர்கள். எனக்கும் வயசுக் கோளாறு என்றுதான் நினைப்பு. சிரிக்கிறார்களே என்று மறுநாளும் அதையே சொன்னேன்.

ஒரு நாள் கத்தி என் இடது கட்டைவிரலில் இறங்கியது. அவள் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். பிறகு, ஒரு கையைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு, "என் மூக்கையே பாருங்கோ ஆயா. இந்தக் கையில எத்தனை விரல்?" என்றாள்.

"எந்தக் கைடி?"

என் மருமகள் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு அவளேதான் கூட்டிப் போனாள். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து எழுதினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அழுதாள்.

"இத்தனை நாளா உங்க பக்கத்துல நின்னுண்டு ஆட்டுக் கண்ணைப் பாத்துண்டிருந்தேன்."

"அழுவாதடி, ஜனம் பாக்குது. உன் மருந்து எனக்கு எப்ப வரும்?"

"முயலுக்கே இன்னும் வெச்சுப் பாக்கல ஆயா. மனுஷாளுக்கு வர பல வருஷம் ஆகும்."

"அதுவரிக்கும் கொஞ்சம் இருன்னு கண்ணாண்ட சொல்லிப் பாக்கறேன்."

கத்தியை மருமகள் வாங்கிக்கொண்டாள். கண்களை ஃப்ளாஸ்க்கில் போட்டுத் தருவது மட்டும் என் வேலையாக மிஞ்சியது. அந்தப் பெண் இப்போது நேர் எதிரே வந்து நிற்பாள். காலையில் சொட்டு மருந்தை அவளே என் கண்ணில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். மருந்து விட்டும் நோய் நிற்கவில்லை. அவள் தோள் போனது, காதுத் தோடு போனது, முகம் மட்டும் சாவித்துவாரத்தில் தெரிகிற மாதிரி கொஞ்ச நாள் இருந்தது.

பிறகு ஒரு காலை, எதிரே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"எங்கடி போய்ட்ட, ஆளயே காணோம்?" என்றேன்.

ஃப்ளாஸ்க் மூடியைத் திருகுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, பழைய மாதிரியே சிரித்தாள். சிரிப்பு வந்த பக்கமாக, ஃப்ளாஸ்க்குக்குக் கையை நீட்டினேன்.