நடுச்சுவரில் ஓதம்

மில் லைனில் வீடு கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டுக் கூரை, செங்கல் சுவர், புதுச் சுண்ணாம்பு வாசனை. வீடுகள் இரண்டு வரிசையாக முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. நடுவில் ஒரே சுவர். அது ஓடு வரை எட்டாததால் பின்வீட்டுச் சத்தமெல்லாம் இங்கே கேட்கும். இரண்டு வீட்டுக்கும் பின்பக்க ஜன்னல் கிடையாது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருந்த அங்கணம் இரு வீட்டிலும் அந்தச் சுவரடியில்தான். இதற்குத் திட்டம் போட்டவர் ஒரு மழைக்காலம்கூட அதில் குடியிருந்திருக்க மாட்டார்.

ஐப்பசியில் மகன் பிறந்தான். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று முன் ஜன்னலில் சாக்கை அடைத்தேன். தினமும் கதவைச் சாத்தி, அங்கணத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, அண்டா வெந்நீர் முழுவதையும் வார்த்தேன். பிறகு சாம்பிராணிப் புகை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் எல்லோரும் செய்கிற காரியம்தான். வீடு இட்லிச் சட்டி மாதிரி ஆவி கட்டி நின்றது.

கார்த்திகையில் நடுச்சுவர் ஈரம் கோத்து ஓதம் கண்டது. பிறகு கறுப்புப் பூசணம், இடுப்பு உயரத்துக்கு. தேங்காய் நாரால் தேய்த்தேன். லைனைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி ஆள் விட்டுச் சுண்ணாம்பு அடித்தார். பொங்கலுக்கு முன்பே மறுபடி பூத்துவிட்டது. அதற்குள் பையனுக்கு இளைப்பு. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகும். ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை. பிழைப்பானா என்று யாரிடமும் கேட்கப் பயம். அந்தப் பயத்தையெல்லாம் பின்வீட்டுக்காரி மேல் கோபமாக்கிக்கொண்டேன். அவள் ஊற்றும் தண்ணீர்தானே இங்கே கசிகிறது?

ஒருநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையைச் சுற்றிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"நானே வரலாம்னு இருந்தனுங்க. உங்க ஊட்டுத் தண்ணி எங்க செவுத்த அரிச்சுப்போட்டுதுங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். அதே கறுப்பு. ஜன்னலில் அதே சாக்கு. அங்கணத்தில் இன்னும் ஆவி அடங்கவில்லை. தொட்டிலில் அவள் மகள் இருமினாள். கசிந்தது அவள் தண்ணீர் இல்லை, இருவரும் உள்ளே அடைத்துவைத்த ஆவி; செருகிய சேலையை இறக்கிவிட்டேன்.

"உங்க பையன் மூச்சு இழுக்கறது இங்க கேக்குதுங்க," என்றாள் மெதுவாக. "எனக்குத் தூக்கமே இல்லீங்க."

மறுநாளே இருவரும் சாக்கைப் பிடுங்கினோம். குழாயடி ஓரமாகத் தென்னந்தட்டி மறைப்புக் கட்டி, வெயிலில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்த்தோம். லைன் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். மேஸ்திரி ஓடி வந்தார்.

"தட்டியப் பிரிங்கம்மணி. வெளிய தண்ணி ஊத்துனா லைன் நாறிப்போயிரும்."

"உள்ளார ஊத்துனா கொளந்த போயிருமுங்க," என்றேன். முனகிக்கொண்டே போய்விட்டார், தட்டி நின்றது.

சுவர் மெல்ல உலர்ந்து, பூசணம் விளக்குமாற்றுக்கே உதிரத் தொடங்கியது. மாசியில் ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"ஏனுங்க, பையன் சத்தமே கேக்கலீங்களே. என்னங்க ஆச்சு?"

பானையை அப்படியே விட்டுவிட்டுத் தொட்டிலுக்கு ஓடினேன். நெஞ்சில் கை வைத்தேன். இளைப்பில்லாமல் சீராக ஏறி இறங்கியது.

"தூங்கறானுங்க," என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது.